சிக்னல் முழுசாக இருக்கிறது, இணையம் இல்லை: மலையில் மடிக்கணினிக்கு எந்த ஏற்பாடு சரி?

நீலகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு, ஐப்பசி பிறந்துவிட்டால் இது பழகிப்போன காட்சி. மடிக்கணினியின் மூலையில் வைஃபை குறி எல்லா வளைவுகளும் நிறைந்து நிற்கும். திரையில் பேசிக்கொண்டிருந்த மேலாளர் வாயைத் திறந்தபடி உறைந்திருப்பார். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியில், எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்பதன் குறி) என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். எங்கோ தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் ஒன்று கம்பத்தின் மேல் சாய்ந்து, மின்கம்பியோடு ஃபைபர் கேபிளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கும். இத்தனைக்கும் மேஜை மேலேயே கைபேசி நல்ல 4ஜி சிக்னலோடு கிடக்கும். மடிக்கணினி அதன் பக்கம் திரும்பியும் பார்க்காது.

ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் இது இன்னும் மோசம். மின்சாரம் போனாலும் ரவுட்டர் உயிரோடு இருக்கும், வைஃபை சிக்னல் வலுவாகவே வரும். அதனால் மடிக்கணினிக்கு எதுவும் கெட்டுப்போனதாகவே தெரியாது.

இந்த நிலையில்தான் பலரும் கேட்கிறார்கள்: தானாகவே நல்ல நெட்வொர்க்குக்கு மாறிக்கொள்ளும் மென்பொருள் எது? கேள்வி நியாயமானது. ஆனால் இந்த வேலைக்கு என்று கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை 'நல்ல நெட்வொர்க்' என்றால் 'வலுவான சிக்னல்' என்று எடுத்துக்கொள்கின்றன. குன்னூரில் குடியிருப்பவர் யாரும் குழாயைப் பார்த்துத் தண்ணீர் வருகிறது என்று நம்பிவிடுவதில்லை. திறந்து பார்த்த பிறகுதான் நம்புவார். மடிக்கணினிக்கும் அந்தப் புத்தி வேண்டும். ரவுட்டர் வரை எவ்வளவு வலு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ரவுட்டருக்கு அப்பால் உயிர் இருக்கிறதா என்று எந்த ஏற்பாடு சோதிக்கிறது? கீழே உள்ளவற்றை நான் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே பெயர் கொண்ட வைஃபைக்குள், ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் ரோமிங். வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் போவது முற்றிலும் வேறு வேலை. அங்கே இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியே மாறுகிறது, ஓடிக்கொண்டிருந்த இணைப்புகள் அறுந்துபோகின்றன. அறுபடாமல் காப்பது மூன்றாவது வேலை. ஒரு கருவி மூன்றையும் செய்வதாகச் சொன்னால் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்ப்பது நல்லது.

ரோமிங்கை எடுத்துக்கொள்வோம். பெரிய பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்களுக்குத்தான் இது முக்கியம். வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருமளவு தின்றுவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு கடந்து வரும். தகரக் கூரையும் தன் பங்குக்குத் தடுக்கும். எனவே இரண்டு மூன்று இடங்களில் ரவுட்டர் அல்லது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையை ஒலிபரப்பும் பெட்டி) வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுக்கிறார்கள். முன் வராந்தாவில் இணைந்த மடிக்கணினியோடு விருந்தினர் பின்கட்டு அறைக்குப் போய் உட்காருவார். அங்கே தலைக்கு மேலேயே இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும். ஆனாலும் மடிக்கணினி வராந்தாக்காரனையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எதற்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, மடிக்கணினிதான். 802.11கே, 802.11வி என்ற தரங்கள் அதற்குப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட் பற்றித் துப்புக் கொடுக்கின்றன; 802.11ஆர் மாறும் நேரத்தைக் குறைக்கிறது. மூன்றுமே யோசனையும் உதவியும்தான், கட்டளை இல்லை.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் இன்டெல் வைஃபை அட்டை இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் 'ரோமிங் அக்ரெசிவ்னெஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஐந்து படிகள், இயல்பாக நடுப்படி. கருங்கல் பங்களாவில் நான்காம் படிக்கு ஏற்றிப் பார்க்கலாம். ஐந்துக்கு ஏற்றினால் இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்போது மடிக்கணினி ஓயாமல் தாவ ஆரம்பித்துவிடும். அதுவும் தொல்லைதான். மேக் கணினியில் திருகுவதற்கு ஒன்றுமில்லை: சிக்னல் வலு மைனஸ் 75 டிபிஎம்முக்கு (அதை அளக்கும் அலகு; பூஜ்ஜியத்திலிருந்து விலக விலக வலு குறைவு) கீழே போனால்தான் அது வேறிடம் தேடும், 12 டெசிபெல்லாவது கூடுதலாகக் கிடைத்தால்தான் மாறும். லினக்ஸில் ஐடபிள்யூடி என்ற வைஃபை மென்பொருளைப் பயன்படுத்துவோர் அந்த எல்லையைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம்; இயல்பு அளவு மைனஸ் 70. விடுதி நடத்துபவர் விருந்தினரின் கணினியில் கை வைக்க முடியாது என்பதால், கே, வி, ஆர் மூன்றும் உள்ள ஆக்சஸ் பாயிண்டுகளை வாங்கி, அவற்றின் ஒலிபரப்பு வலுவைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் அவருக்கு உள்ள ஒரே வழி. வலுவைக் கூட்டினால் நல்லது என்று நினைத்து எல்லாவற்றையும் உச்சத்தில் வைக்கிறார்கள். வராந்தாவின் சிக்னல் பின்கட்டு வரை எட்டிப் பார்ப்பதால்தான் மடிக்கணினி அதை விடமாட்டேன் என்கிறது.

ரோமிங் அவ்வளவுதான். இனி மழைநாள் விஷயத்துக்கு வருவோம்.

விண்டோஸுக்குள்ளேயே இருப்பதை முதலில் பார்க்கலாம், காசு கேட்காதது அதுதான். தெரிந்த நெட்வொர்க்குகளை அது வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. நெட்ஷ் என்ற கட்டளைக் கருவியால் அந்த வரிசையை நாமே மாற்றலாம். ஒவ்வொரு வைஃபையின் பண்புகளிலும், இதில் இணைந்திருக்கும்போதே வேறு நெட்வொர்க்கையும் தேடு என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்தால், வரிசையில் மேலே உள்ள நெட்வொர்க் எட்டும்போது அதற்குத் தாவும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டு ஃபைபரை முதலாவதாகவும் கைபேசி ஹாட்ஸ்பாட்டை இரண்டாவதாகவும் வைத்திருப்போம். ஃபைபர் அறுந்தாலும் முதலாவதன் சிக்னல் அப்படியேதானே இருக்கிறது? எனவே நகர்வதற்கு அதற்குக் காரணமே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இணையம் இல்லை என்பது விண்டோஸுக்கு நன்றாகவே தெரியும். மைக்ரோசாஃப்டின் ஒரு சிறு கோப்பைக் கேட்டுப் பார்த்து, வரவில்லை என்றால் குறியை மாற்றி 'இணையம் இல்லை' என்று அறிவித்துவிடுகிறது. அறிவித்ததோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுக்க நம் விரல்தான் வேண்டும்.

ஒரு காலத்தில் மடிக்கணினி நிறுவனங்களே தங்கள் இணைப்பு மேலாளர்களைத் தந்தன. லெனோவோவின் ஆக்சஸ் கனெக்‌ஷன்ஸ் அப்படிப்பட்டது; அலுவலகம், வீடு என்று இடத்துக்கு ஒரு தொகுப்பாக அமைப்புகளைச் சேமித்து வைக்கும். அந்த வகை இன்று கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. இப்போதும் அது தேவைப்படுபவர்களுக்கு நெட்செட்மேன் இருக்கிறது. அலுவலகத்தில் நிலையான ஐபி, வீட்டில் வேறு, பிரிண்டர் வேறு என்று அலைபவர்களுக்கு உதவும். மரம் விழுந்த நாளுக்கு உதவாது.

லினக்ஸ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். 2004 இல் ரெட் ஹாட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர்தான் உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் இணைப்புகளைக் கவனிக்கிறது. வெறும் வைஃபைக்குள் அதுவும் விண்டோஸ் போலத்தான்: முன்னுரிமை எண் கொடுக்கலாம், ஆனால் இணைந்துவிட்டால் தானாக விட்டு வராது. வித்தை வேறிடத்தில் இருக்கிறது. கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக வைக்காமல் யுஎஸ்பி கம்பியால் செருகி டெதரிங்கை, அதாவது கம்பி வழியே இணையம் பகிரும் வசதியை, இயக்குங்கள். இப்போது மடிக்கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வழிகள். எந்த வழியில் போவது என்பதை ஒரு எண் முடிவு செய்கிறது. குறைந்த எண் வெல்லும். வைஃபைக்கு இயல்பாக 600, கம்பி வழி வருவதற்கு 100. அப்படியே விட்டால் ஃபைபர் நன்றாக இருக்கும்போதும் கைபேசி டேட்டாதான் கரையும். எனவே கைபேசி இணைப்பின் எண்ணை 700 ஆக்கிவிட வேண்டும். இனி சாதாரண நாளில் எல்லாம் வைஃபையில் போகும். நெட்வொர்க் மேனேஜரின் இணையச் சோதனை இயங்கிக்கொண்டிருந்தால், ஃபைபர் செத்ததும் அது வைஃபையின் எண்ணோடு 20,000 ஐக் கூட்டிவிடும். 600 ஆக இருந்தது 20,600 ஆகிவிட, 700 உள்ள கைபேசி தானாக முன்னுக்கு வருகிறது. ஃபைபர் உயிர்பெற்றால் கூட்டியதைக் கழித்து, பழையபடி வைஃபை. சிக்னல் எவ்வளவு என்று யாரும் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? இதைத்தான் குழாயைத் திறந்து பார்ப்பது என்றேன்.

இதில் ஒரு சிறு திருகு மீதமிருக்கிறது. அந்தச் சோதனை இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் நடக்கும். ஐந்து நிமிடத்தில் கூட்டமே கலைந்துவிடும். அமைப்புக் கோப்பில் அதை 30 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

மேக்கில் வைஃபை, யுஎஸ்பி போன்ற இணைப்புச் சேவைகளின் வரிசையை இழுத்து மாற்றலாம். ஆனால் மேலே உள்ள சேவை இணைந்திருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. எனவே விண்டோஸுக்குச் சொன்னதே இதற்கும்.

காசு கொடுத்து வாங்குவதில் பேர் பெற்றது ஸ்பீடிஃபை. 2014 இல் வந்தது. இது மற்றவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வைஃபையையும் கைபேசியையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டின் வழியாகவும் தரவுப் பொட்டலங்களைத் தன் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஒரே முகவரியோடு அவை வெளியே போகின்றன. ஒரு வழி அறுந்தாலும் வெளியே தெரியும் முகவரி மாறுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுவதில்லை, பாதி ஏறிய கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. நான் முதலில் சொன்ன மூன்றாவது வேலையை, இதுவரை பார்த்தவற்றில் உண்மையாகச் செய்வது இது ஒன்றுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லவில்லை? மூன்று காரணங்கள். எல்லாம் இன்னொரு சர்வரைச் சுற்றிக்கொண்டு போவதால் தாமதம் கொஞ்சம் கூடும். இரண்டு வழியையும் சேர்த்துப் பயன்படுத்த விட்டால், ஃபைபர் நன்றாக இருக்கும் நாளிலும் கைபேசி டேட்டா கரையும்; கைபேசியைக் காப்பு வழியாக மட்டும் குறித்து வைக்க வேண்டும், பலர் அதைச் செய்வதில்லை. மூன்றாவதுதான் பெரியது: இது ஒரு விபிஎன், அதாவது எல்லாவற்றையும் இன்னொரு சர்வர் வழியே மறைத்துக் கொண்டுபோகும் இணைப்பு. நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் இதை நிறுவ ஐடி துறை அனுமதிக்காது. நீலகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர், பெங்களூரு நிறுவனங்களின் கணினியில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாசல் அடைத்தே கிடக்கிறது. சில வங்கித் தளங்களும் விபிஎன் என்றாலே முறைக்கும்.

சொந்தக் கணினியில் தனித்தொழில் செய்பவர், வீடியோ வகுப்பு எடுப்பவர், நேரலை செய்பவர் என்றால் காசுக்குத் தகுந்த பொருள். கட்டளைத் திரையில் சர்வர் வேலை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். 2012 இல் எம்ஐடியிலிருந்து வந்த மோஷ் என்ற கருவி போதும். முகவரி மாறினாலும் அமர்வு அறுபடாது, இலவசம். நிறுவனத்தின் விபிஎன் வயர்கார்டு வகையாக இருந்தால் அதுவும் முகவரி மாற்றத்தை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும்.

இனி என் மனத்துக்குப் பிடித்த வழி. கடையில் விற்காதது, மடிக்கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லாதது. கைபேசிகள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டன. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் ஆண்ட்ராய்டு கைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். அமைப்புகளில் அந்த வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த வேலையை மடிக்கணினிக்குக் கற்றுக்கொடுப்பானேன்? கைபேசியை வீட்டு வைஃபையில் இணையுங்கள். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் செருகி டெதரிங்கை இயக்குங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டின் யுஎஸ்பி டெதரிங் தன்னிடம் உள்ள எந்த இணையத்தையும் பகிரும், வைஃபையாக இருந்தாலும் சரி. சாதாரண நாளில் மடிக்கணினி கைபேசி வழியாக ஃபைபரில் ஓடும், டேட்டா செலவில்லை. மரம் விழுந்த நாளில் கைபேசி 4ஜிக்கு மாறிக்கொள்ளும். மடிக்கணினிக்கு அது மாறியதே தெரியாது. வெளி முகவரி மாறுவதால் ஓடிக்கொண்டிருந்த கூட்டம் சில விநாடி திணறும், பிறகு தானே பிடித்துக்கொள்ளும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாள் முழுக்கக் கம்பியில் இருக்கும் கைபேசி சூடாகும், பேட்டரி ஆயுள் குறையும். பழைய கைபேசி ஒன்றில் தனி சிம் போட்டு இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. ஐஃபோனில் இந்த வித்தை நடக்காது, அது மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். இன்னொன்று மலைவீடுகளுக்கே உரியது. எதிர்மலையில் டவர், நடுவே பள்ளத்தாக்கு என்பதால் வீட்டில் ஒரே ஒரு ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும். கைபேசி அந்த ஜன்னலில் இருக்க வேண்டும், மடிக்கணினி அதனருகில். ஹட்டி (படகர் ஊர்) வீடுகளில் அது சில சமயம் சமையலறை ஜன்னலாக இருந்து தொலைக்கும்.

நாலு பேர் வேலை பார்க்கும் வீடு, விடுதி, சிறு அலுவலகம் என்றால் மடிக்கணினி மடிக்கணினியாக உட்கார்ந்து திருத்துவது வீண் வேலை. முடிவெடுக்கும் பொறுப்பை ரவுட்டருக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. ஒன்றில் ஃபைபர், மற்றதில் 4ஜி சிம் அல்லது இன்னொரு நிறுவனத்தின் கேபிள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றிய ரவுட்டர் என்றால் எம்டபிள்யூஏஎன்3 என்ற தொகுப்பு இதைச் செய்யும்: வெளியே உள்ள ஒரு முகவரியை விடாமல் பிங் செய்து பார்க்கும், பதில் வராவிட்டால் வழியை மாற்றும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: வெளியே பிங் செய்து சோதிக்கிறதா, அல்லது கம்பியில் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறதா? இரண்டாவது வகையானால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கம்பி நன்றாகத்தானே இருக்கிறது என்று அதுவும் சும்மா இருந்துவிடும்.

சுற்றிலும் உள்ள வைஃபைகளில் எது வலுவோ அதில் தானே இணைந்துகொள்ளும் செயலிகள் ஒரு வகை உண்டு. இவற்றை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையை மடிக்கணினி பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. சீசனில் உதகையில் ஒரு விடுதியின் பெயரிலேயே இன்னொருவர் ஹாட்ஸ்பாட் வைத்தால், ஏற்கெனவே அதில் இணைந்த கணினி கேள்வி கேட்காமல் போய் ஒட்டிக்கொள்ளும். திறந்த வைஃபைகளுக்குத் தானியங்கி இணைப்பை அணைத்து வையுங்கள்.

பனிமூட்டம் வந்தால் வைஃபை போய்விடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. மழைகூட 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொந்தரவாகிறது. மூட்டத்தோடு சேர்ந்து வரும் காற்றும் ஒடியும் கிளையும்தான் குற்றவாளிகள்.

ஆக, நிறுவனத்தின் விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவருக்குக் கைபேசிக் கம்பி. லினக்ஸ்காரருக்கு நெட்வொர்க் மேனேஜர். சொந்தக் கணினியில் அழைப்பு அறுந்தால் வருமானம் போகும் என்பவருக்கு ஸ்பீடிஃபை. பலர் உள்ள இடத்துக்கு ரவுட்டர். இரண்டாவது சிம்மை எடுக்கும்போது, ஃபைபர் கொடுக்கும் அதே நிறுவனத்தின் சிம்மைத் தவிர்த்துவிடுங்கள். டவருக்கும் கேபிள் வழியாகத்தான் இணையம் வரலாம். இரண்டும் ஒரே சாலையோரமாக வந்தால் ஒரே மண்சரிவு இரண்டையும் கொண்டுபோகும்.

எதை அமைத்தாலும் வெயில் நாளிலேயே சோதித்து வையுங்கள். ரவுட்டரை அணைத்துச் சோதிப்பதில் பயனில்லை. வைஃபை மறைந்தால் எந்தக் கணினியும் வேறு வழி தேடிவிடும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பியைத் தொடாமல், ஃபைபர் பெட்டிக்குள் வரும் மெல்லிய கேபிளை மெதுவாகக் கழற்றுங்கள். அதை மடக்காதீர்கள், முனையைத் தொடாதீர்கள். சிவப்பு விளக்கு எரியட்டும். அந்த நிலையில் ஒரு வீடியோ அழைப்பு எத்தனை விநாடியில் மீள்கிறது என்று பாருங்கள். பிறகு கேபிளைத் திரும்பச் செருகி, மடிக்கணினி ஃபைபருக்குத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். திரும்பாமல் போனால் அன்று மாலைக்குள் கைபேசியின் டேட்டா தீர்ந்திருக்கும்.